கல்லூரிப் பெண்கள் சாக்கர்: உதவிப் பயிற்சியாளர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட கரோலினாவில் சனி, ஞாயிறு காலைகளில் மைதான ஓரமாக மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பெற்றோர் இப்போது நிறையப் பேர். பெண் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டியதும் அவர்களுக்கு ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பிக்கும். என் மகள் ஒரு சிறிய கல்லூரியில் நான்கு ஆண்டு ஆடி முடித்துவிட்டாள் என்பதால் அவற்றில் பாதி என் பக்கம் வருகின்றன. எல்லோரும் தலைமைப் பயிற்சியாளரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். நான் பார்த்த வரையில், பெண்ணின் நான்கு ஆண்டு எப்படிப் போகும் என்பது அவருக்குப் பக்கத்தில் பந்துப் பையைச் சுமந்துகொண்டு நிற்பவர் கையில் இருக்கிறது. அதனால் பதில்களை அவரைச் சுற்றியே எழுதியிருக்கிறேன்.

சாக்கர் என்றால் நம் ஊர் கால்பந்துதானே? கல்லூரியில் அதற்கு ஏன் இவ்வளவு ஏற்பாடு?

அதேதான். அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் வேறு ஆட்டம். அந்த ஆட்டத்துக்கும் பெண்கள் சாக்கருக்கும் ஒரு வேடிக்கையான உறவு உண்டு. 1972-ல் டைட்டில் நைன் என்ற சட்டம் வந்தது. மத்திய அரசின் நிதி பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பது சாரம். அதன் மையமான வாக்கியத்தில் விளையாட்டு என்ற பேச்சே இல்லை. ஆனால் சட்டம் விளையாட்டுத் துறையையும் பிடித்துக்கொண்டது. ஃபுட்பால் அணியில் நூறு பையன்கள் இருந்தால் எதிர்த்தட்டில் பெண்களுக்கும் இடம் காட்ட வேண்டும். ஒரே அணியில் இருபத்தைந்து, முப்பது பேரைச் சேர்க்கக்கூடிய ஆட்டம், செலவும் கட்டுப்படியாகும் என்று பார்த்தபோது கல்லூரிகளின் கண்ணில் பட்டது சாக்கர்.

என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்கள் சாக்கருக்கு முதல் தேசியப் போட்டியை 1982-ல் நடத்தியது. இன்று அதன் மூன்று டிவிஷன்களிலும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அணிகள் உள்ளன. முதல் இரண்டு டிவிஷன்களில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தரலாம். மூன்றாவதில் கிடையாது. முதல் டிவிஷனிலேயே இருந்தாலும் ஹார்வர்ட், பிரின்ஸ்டன் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் தருவதில்லை.

ஒரு அணிக்கு எத்தனை உதவிப் பயிற்சியாளர்கள்?

முதல் டிவிஷனில் நெடுங்காலம் ஒரு தலைமைப் பயிற்சியாளர், சம்பளம் வாங்கும் இரண்டு அசிஸ்டன்ட்கள், ஒரு ‘வாலன்டியர்’ என்று கணக்கு இருந்தது. வாலன்டியர் என்றால் ஓய்வு நேரத்தில் வந்து உதவுபவர் என்று நினைத்துவிடாதீர்கள். முழுநேர வேலையைப் பைசா வாங்காமல் செய்பவர் என்று அர்த்தம். காலையில் கல்லூரி அணி, மாலையில் ஏதாவது ஒரு கிளப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி, கோடையில் முகாம் என்று வயிற்றைக் கழுவிக்கொண்டு, என்றைக்காவது சம்பள இடம் காலியாகும் என்று காத்திருப்பார்கள். 2023 ஜூலையில் என்.சி.ஏ.ஏ. இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் முறையான பயிற்சியாளர் இடமாக்கியது. இலவசமாக உழைத்தவர்கள் நீதிமன்றம் போனதும் இதோடு சேர்ந்த கதை. இடம் முறையானதால் எல்லாக் கல்லூரியும் பணத்தை எடுத்து வைத்துவிட்டது என்று சொல்ல முடியாது.

பதவிப் பெயர்களில் குழம்ப வேண்டாம். ‘அசோசியேட் ஹெட் கோச்’ என்பவரும் உதவிப் பயிற்சியாளர்தான், மூத்தவர். ‘அத்லெடிக் ட்ரெய்னர்’ என்பவர் பயிற்சியாளரே அல்ல. அடிபட்டால் பார்க்கும் மருத்துவப் பணியாளர். நம்மவர்கள் பலர் அவரைக் கோச் என்று நினைத்துக்கொண்டு, பெண்ணை ஏன் இறக்கவில்லை என்று கேட்டிருக்கிறார்கள்.

மூன்றாம் டிவிஷனில் கதை சுருக்கம். ஒரு முழுநேர அசிஸ்டன்ட் இருந்தால் பெரிய விஷயம். பெரும்பாலும் பகுதிநேரம், அல்லது முதுகலை படித்துக்கொண்டே வேலை பார்க்கும் இருபத்திமூன்று வயதுப் பெண்.

அவர்களுக்கு நாள் முழுக்க என்னதான் வேலை?

சீசன் ஆகஸ்ட் நடுவில் தொடங்கி நவம்பர் வரை போகும். கடைசி நான்கு அணிகள் மோதும் காலேஜ் கப் டிசம்பரில். முதல் டிவிஷனில் பெரும்பாலும் வியாழன் இரவு ஒரு ஆட்டம், ஞாயிறு மதியம் இன்னொன்று. நடுவில் இரண்டே நாள். அந்த வெள்ளிக்கிழமையைப் பாருங்கள், இந்த வேலை என்ன என்று புரிந்துவிடும்.

வியாழன் இரவு ஆட்டம் முடிந்து வீடு போனதும் ஒரு அசிஸ்டன்ட் வீடியோவோடு உட்காருகிறார். ஹட்ல், வைஸ்கௌட் மாதிரி மென்பொருள்களில் ஆட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் பந்தைத் தொட்ட இடங்களைத் தனியாகப் பிரித்து அனுப்ப வேண்டும். இன்னொருவர் அதற்குள் ஞாயிற்றுக்கிழமை எதிரணியின் பழைய ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். கார்னர் எடுக்கும்போது அவர்களில் யார் முன்கம்பத்துக்கு ஓடுகிறாள், இடது பின்களக்காரி பந்தோடு ஏறிப் போனால் அவள் விட்ட இடத்தை யார் அடைக்கிறாள், கோல்கீப்பர் உயரப் பந்துக்கு வெளியே வருவாளா, கோட்டிலேயே நிற்பாளா. இதையெல்லாம் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கும்படி சுருக்க வேண்டும். இருபது வயதுப் பிள்ளைகள் பதினோராவது நிமிடம் கேட்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பயிற்சியில் முந்தைய நாள் முழுக்க ஆடியவர்கள் லேசாக ஓடிவிட்டு, காலை நீட்டி மடக்கிவிட்டுப் போய்விடுவார்கள். ஆடாதவர்கள்? அவர்களுக்குத்தான் அன்று முழுப் பயிற்சி, அதை நடத்துபவர் அசிஸ்டன்ட். அணியில் இருபத்தெட்டுப் பேர் என்றால் தொடக்கத்தில் இறங்குபவர்கள் பதினொருவர். மீதிப் பதினேழு பேருக்கு நடைமுறையில் அசிஸ்டன்ட்தான் கோச். முதலாம் ஆண்டில் உங்கள் பெண் அந்தப் பதினேழில் ஒருத்தியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இதை எந்தக் கல்லூரியும் வழவழத் தாளில் அச்சடித்துத் தருவதில்லை.

அப்புறம் மணிக்கணக்கு. சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளுக்கு 4 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் கட்டாய விடுப்பு என்று என்.சி.ஏ.ஏ. வரம்பு வைத்திருக்கிறது. ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி நேரமாகவே கணக்கு. பேருந்துப் பயணம் கணக்கில் வராது. சீசன் இல்லாத மாதங்களில் வாரம் 8 மணி நேரம். இந்தக் கணக்கையெல்லாம் எழுதி ஒப்படைப்பதும் பெரும்பாலும் அசிஸ்டன்ட் தலையில்தான்.

பெரிய பல்கலைக்கழகங்களில் ஹோட்டல், விமானம், சாப்பாடு பார்க்கத் தனி ஆள் உண்டு. 2024-ல் கலிஃபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு அட்லாண்டிக் கடற்கரைக் கல்லூரிகளின் லீக்கான ஏ.சி.சி.யிலும், லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ. நடுமேற்குக் கல்லூரிகளின் பிக் டென்னிலும் சேர்ந்துவிட்ட பிறகு, அந்த ஆள் இல்லாமல் முடியாது. சிறு கல்லூரியில் எல்லாம் அசிஸ்டன்ட்தான். என் மகளின் கல்லூரியில் அவர்தான் வேன் ஓட்டினார், அழுக்கு ஜெர்சிகளை மெஷினில் போட்டார், மழையில் சாய்ந்த கார்னர் கொடியை நிமிர்த்தினார். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை அணியின் தடுப்பாட்டத்தையும் வகுத்தார்.

ஆட்டம் நடக்கும்போது அசிஸ்டன்ட்கள் ஏன் எதையோ எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்?

கல்லூரி ஆட்டத்தின் மாற்று ஆட்டக்காரர் விதி அப்படி. டி.வி.யில் நாம் பார்க்கும் கால்பந்தில் வெளியே போனவர் போனவர்தான். இங்கே அப்படி இல்லை. முதல் பாதியில் வெளியே எடுத்தால் அந்தப் பாதியில் திரும்ப முடியாது, ஆனால் இரண்டாம் பாதியில் இறங்கலாம். இரண்டாம் பாதியில் வெளியே போனவள் ஒரே ஒரு முறை திரும்பி வரலாம். தலையில் அடி, ரத்தக் காயம் போன்றவற்றுக்குத் தனி விலக்குகள். ஆகவே எண்பதாவது நிமிடத்தில் தலைமைப் பயிற்சியாளர் “ஒன்பதாம் நம்பரை மறுபடி இறக்கலாமா?” என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவர் கையில் தாளோடு நிற்க வேண்டும். தவறாகச் சொன்னால் ஆட்டமே போகும்.

மற்றவர்களில் ஒருவர் கார்னர், ஃப்ரீ கிக் போன்ற ‘செட் பீஸ்’களுக்குப் பொறுப்பு. எதிரணிக்குக் கார்னர் என்றதும் தலைமைப் பயிற்சியாளர் உட்கார்ந்து, வேறொருவர் எழுந்து கத்துகிறார் என்றால் அவர்தான். சில அணிகளில் ஒருவர் மேலே பத்திரிகையாளர் அறையில் இருந்து பார்ப்பார். தரையிலிருந்து தெரியாத இடைவெளி மேலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

கோல்கீப்பருக்குத் தனி பயிற்சியாளர் உண்டா?

நல்ல அணிகளில் உண்டு. அவர் அசிஸ்டன்ட்களில் ஒருவராகவே இருப்பார். ஓர் அணியில் மூன்று, நான்கு கோல்கீப்பர்கள் இருப்பார்கள், ஆடுவது ஒருத்தி. மற்றவர்களின் மனசு உடையாமல் நான்கு ஆண்டு ஓட்டுவதுதான் அவருடைய பெரிய வேலை என்று எனக்குத் தோன்றும். உங்கள் பெண் கோல்கீப்பர் என்றால் இந்த ஒருவரை வைத்தே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கலாம்.

நாங்கள் தலைமைப் பயிற்சியாளருக்கு எழுதிய மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லையே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, விதி. முதல் டிவிஷனில் பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் 15 வரைக்கும் பயிற்சியாளர் ஒரு மாணவிக்கு ஆள்சேர்ப்பு தொடர்பாகப் பதில் எழுதவோ பேசவோ கூடாது. முகாம் விளம்பரம் அனுப்பலாம், ஆட்டத்தைத் தூரத்திலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். கல்லூரி தன் செலவில் அழைத்துக் காட்டும் வருகைக்கு பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் 1 வரை காத்திருக்க வேண்டும். 2019-ல் இந்த விதி வருவதற்கு முன்னால் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் கல்லூரிக்கு வாய்மொழியாக ஒப்புக்கொண்டுவிடும் கூத்தெல்லாம் நடந்தது. பதினான்கு வயதில் யார் என்னவாக வளருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அந்த விதத்தில் இது நல்ல விதி. ஆகவே ஜூன் 15-க்கு முந்தைய மௌனத்தை நிராகரிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு, நீங்கள் தவறான ஆளுக்கு எழுதுகிறீர்கள். ஆள்சேர்ப்பைக் கவனிக்கும் அசிஸ்டன்ட்தான் எல்லா மின்னஞ்சலையும் படிக்கிறார், சலிக்கிறார், மிஞ்சிய பெயர்களைத் தலைமைப் பயிற்சியாளர் மேசைக்குக் கொண்டுபோகிறார். இ.சி.என்.எல்., கேர்ல்ஸ் அகாடமி என்ற இரண்டு பெரிய கிளப் லீக்குகளின் ‘ஷோகேஸ்’ போட்டிகளுக்குப் போனால் பாருங்கள், கல்லூரிச் சின்னம் போட்ட சட்டையோடு வரிசையாக நிற்பவர்களில் பெரும்பாலானோர் அசிஸ்டன்ட்கள். காலை எட்டிலிருந்து இருட்டும் வரை மைதானம் மைதானமாக நடப்பார்கள். உங்கள் பெண் எந்த மைதானத்தில், எத்தனை மணிக்கு, எந்த நம்பர் சட்டையில் ஆடுகிறாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடம் நின்று பார்ப்பார். தெரியாவிட்டால் தாண்டிப் போய்விடுவார்.

ஆகவே தலைமைப் பயிற்சியாளருக்கும் அசிஸ்டன்ட்களுக்கும் சேர்த்தே எழுதுங்கள். பள்ளி முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், கிளப், சட்டை எண், மதிப்பெண் சராசரி, அடுத்த ஆட்டங்களின் அட்டவணை, மூன்று நான்கு நிமிட வீடியோ. இது போதும். பாடல் சேர்க்க வேண்டாம். ‘எழுதுங்கள்’ என்று சொன்னேனே தவிர, எழுத வேண்டியது உங்கள் பெண். அப்பா எழுதிய கடிதம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். “மதிப்பிற்குரிய ஐயா” என்று தொடங்கும் தொனி அதில் இருக்கும். இங்கே பயிற்சியாளரை முதல் பெயர் சொல்லியோ வெறுமனே ‘கோச்’ என்றோதான் கூப்பிடுகிறார்கள். எனக்கே அது பழக ஒரு வருஷம் ஆனது.

கல்லூரிகள் ஆட்டக்காரிகளை அடையாளம் காண நடத்தும் ஐ.டி. கேம்ப்களுக்குப் போவது பிரயோஜனமா?

பாதி பிரயோஜனம், பாதி அவர்களுக்கு வருமானம். கல்லூரிகள் நடத்தும் முகாம்கள் விதிப்படி எல்லோருக்கும் திறந்தவை. வயது, வகுப்பு, பாலினம், இட எண்ணிக்கை என்றுதான் வரம்பு வைக்கலாம். ஆகவே அழைப்பு வந்தது என்பதற்காக உங்கள் பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. அசிஸ்டன்ட்களின் குறைந்த சம்பளத்தில் ஒரு துண்டு விழாமல் பார்த்துக்கொள்வது இந்த முகாம் பணம்தான். ஆனால் பெண்ணுக்குப் பிடித்த இரண்டு மூன்று கல்லூரிகளின் முகாமுக்குப் போவது நல்லது. அங்கே அசிஸ்டன்ட்டின் கீழ் ஒரு முழு நாள் ஆடிப் பார்க்கலாம். அவர் தப்பு செய்த பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார் என்பது காசு கொடுத்துத் தெரிந்துகொள்ளத் தக்க விஷயம்.

ஸ்காலர்ஷிப்பை அசிஸ்டன்ட் முடிவு செய்வாரா?

மாட்டார். கைகாட்டுவார், முடிவு தலைமைப் பயிற்சியாளருடையது. முதல் டிவிஷனில் பெண்கள் சாக்கருக்கு நெடுங்காலம் 14 முழு ஸ்காலர்ஷிப்தான் உச்சவரம்பு. அதைத் துண்டு போட்டு இருபத்தைந்து, முப்பது பேருக்குப் பகிர்வார்கள். 2025 ஜூனில், கல்லூரி ஆட்டக்காரர்கள் பணப் பங்கு கேட்டுப் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிமன்றம் ஏற்ற பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பு போய், அணியில் 28 பேர்தான் இருக்கலாம் என்ற வரம்பு வந்தது. கேட்பதற்கு 28 ஸ்காலர்ஷிப் என்று தோன்றும். பணம் இருக்கும் கல்லூரிதான் கொடுக்கும். முப்பத்தைந்து பேரை வைத்திருந்த அணிகளில் ஏழு பேருக்கு இடம் இல்லாமல் போனதுதான் உடனே நடந்தது. அதனால் அசிஸ்டன்ட்கள் இப்போது ஆள் எடுப்பதில் முன்பைவிடத் தயங்குகிறார்கள். ‘பார்க்கலாம், வளரட்டும்’ என்று எடுத்து வைத்திருந்த இடங்கள் குறைந்துவிட்டன. அந்த இடத்துக்கு வேறு கல்லூரியில் இரண்டு ஆண்டு ஆடித் தேறிய பெண்ணை, கல்லூரி மாற விரும்புபவர்களின் பட்டியலான ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக எடுக்கிறார்கள்.

அசிஸ்டன்ட் என்றால் கடைசிவரை அசிஸ்டன்ட்தானா?

இல்லை. அண்மைக் கதை ஒன்று எங்கள் மாநிலத்திலேயே நடந்தது. ஆன்சன் டோரன்ஸ் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 1979-ல் பெண்கள் அணியைத் தொடங்கியவர், 22 தேசியக் கோப்பைகள் வாங்கியவர், 1991-ல் அமெரிக்க அணியோடு முதல் பெண்கள் உலகக் கோப்பையையும் வென்றவர். 2024 ஆகஸ்டில், சீசன் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது ஓய்வு அறிவித்தார். அணியை இடைக்காலமாக ஏற்றுக்கொண்டவர் அவருடைய உதவிப் பயிற்சியாளர் டேமன் நஹாஸ். அந்த டிசம்பரில், நம்மவர்கள் வேங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போகும் அதே கேரி நகரத்தில், வேக் ஃபாரெஸ்டை 1-0 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். இடைக்காலம் என்ற சொல் அதோடு போய்விட்டது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் மார்கரீட் அவோசாசா. ஸ்டான்ஃபோர்டில் ஏழு சீசன் அசிஸ்டன்ட். 2017, 2019 கோப்பைகளின்போது அங்கே இருந்தவர். 2021 கடைசியில் யு.சி.எல்.ஏ. அவரைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்தது. 2022 இறுதி ஆட்டத்தில் வட கரோலினா 2-0 என்று முன்னால் இருந்தது. யு.சி.எல்.ஏ. ஒரு கோல் திருப்பி, ஆட்டம் முடிய 16 வினாடி இருக்கும்போது ஒரு கார்னரில் இரண்டாவதைப் போட்டு, கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்றது. பதவியேற்ற முதல் ஆண்டிலேயே முதல் டிவிஷன் பெண்கள் கோப்பையை வென்ற முதல் ஆள் அவர். அந்தக் கார்னரை அடித்தது ஆட்டக்காரி. ஆனால் கார்னர் என்ற கலையில் ஊறுவது அசிஸ்டன்ட்டாக இருக்கும் ஆண்டுகளில்தான்.

இதற்கு நேரெதிர் பில் பலடினோ. டோரன்ஸுக்குப் பக்கத்தில் ஏறக்குறைய நாற்பது ஆண்டு உதவிப் பயிற்சியாளராகவே இருந்து ஓய்வுபெற்றவர். எல்லோரும் அவரை டினோ என்பார்கள். எத்தனையோ தலைமைப் பதவிகளுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. சிலருக்கு மைதானம் பிடிக்கும், பத்திரிகையாளர் கூட்டமும் நிதி திரட்டும் விருந்தும் பிடிக்காது. பெண்ணின் அணியில் அப்படி ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம்.

சம்பளம் எப்படி?

பெரிய லீக் கல்லூரிகளில் குடும்பம் நடத்தும் அளவுக்கு, சில இடங்களில் நன்றாகவே. கீழே போகப் போக, பள்ளி ஆசிரியர் சம்பளம், அப்புறம் கைச்செலவு. பழைய கதை ஒன்று போதும். ஜில் எல்லிஸ் முதுகலை படிக்கும்போது வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமான என்.சி. ஸ்டேட்டில் அசிஸ்டன்ட்டாக இருந்தார். பிறகு ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் தொழில்நுட்பக் கையேடு எழுதும் வேலைக்குப் போனார். 1994-ல் மேரிலாண்ட் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் கூப்பிட்டதும் அந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, மிகச் சொற்பச் சம்பளத்துக்கு உதவிப் பயிற்சியாளராகத் திரும்பினார். 2015, 2019 என்று அடுத்தடுத்து இரண்டு பெண்கள் உலகக் கோப்பைகளை அமெரிக்காவுக்கு வாங்கித் தந்த பயிற்சியாளர் அவர்தான். நம் வீட்டில் யாராவது ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இப்படிப் போகிறேன் என்றால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பெண்கள் அணிக்குப் பெண்கள்தானே பயிற்சியாளர்கள்?

அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். டைட்டில் நைன் வந்த 1972-ல் கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்துக்கு ஒன்பதைப் பெண்களே நடத்தினார்கள். அப்போது அதில் பணமில்லை. சட்டம் வந்து பதவிகளுக்குச் சம்பளம் வந்ததும் ஆண்கள் விண்ணப்பிக்க ஆரம்பித்தார்கள், தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருந்தவர்களும் ஆண்கள். இன்று பெண்கள் அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களில் பெண்கள் பாதிக்கும் குறைவு. சாக்கரில் நிலைமை இன்னும் மோசம். பெண்களுக்கு நன்மை செய்ய வந்த சட்டம் பெண்களின் நாற்காலியைப் பிடுங்கியது என்று சொன்னால் கொஞ்சம் அநியாயமான வாக்கியமாக இருக்கும், ஆனால் பொய்யாகாது. அசிஸ்டன்ட் இடங்களில் பெண்களைப் பார்க்கலாம். குழந்தை பிறந்த பிறகு மாதத்தில் மூன்று வார இறுதி வெளியூர் என்ற வேலையில் எத்தனை பேர் நீடிக்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

பெண்ணைச் சேர்த்த அசிஸ்டன்ட் அடுத்த மாதமே வேறு கல்லூரிக்குப் போய்விட்டால்?

நடக்கும். எங்களுக்கு நடந்தது. ஒன்றரை ஆண்டு மகளோடு பேசி, எங்கள் வீட்டு நாயின் பெயர்வரை தெரிந்து வைத்திருந்தவர், அவள் கல்லூரியில் கால்வைத்த கோடையில் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். அவருக்கு நல்ல வேலை கிடைத்தது, தப்பு சொல்ல ஒன்றுமில்லை. அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

விதியும் இங்கே உதவாது. தலைமைப் பயிற்சியாளர் போனால் முதல் டிவிஷன் ஆட்டக்காரிகளுக்கு வேறு கல்லூரிக்கு மாறத் தனி அவகாசம் திறக்கும். அசிஸ்டன்ட் போனால் திறக்காது, வழக்கமான மாறுதல் காலம்வரை பொறுக்க வேண்டும். ஸ்காலர்ஷிப் பத்திரம் கல்லூரியோடு போட்டது. அதில் எந்தப் பயிற்சியாளரின் பெயருக்கும் பொறுப்பில்லை. இந்த ஊர் பெரியவர்கள் ஒன்று கேட்பார்கள்: சாக்கரே இல்லாமல் போனாலும், காலே உடைந்தாலும், இந்தக் கல்லூரியில் படிப்பாளா? ஆமாம் என்றால் கையெழுத்துப் போடுங்கள்.

அடிபட்டால் ஆட வைப்பார்களா?

முழங்கால் உள்ளே இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழிவது பெண்கள் சாக்கரின் பெரிய பயம். ஒரே ஆட்டத்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். எப்போது திரும்ப ஆடலாம் என்ற முடிவு மருத்துவருக்கும் அத்லெடிக் ட்ரெய்னருக்கும் உரியது. முதல் டிவிஷன் விதிப்படி எந்தப் பயிற்சியாளரும் அதை மாற்ற முடியாது. அசிஸ்டன்ட்டின் பங்கு வேறு. ஒன்பது மாதம் ஓரமாகத் தனியாக ஓடும் பெண்ணோடு அணி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது.

ஆட்ட நேரம் குறைவு என்று நாங்கள் அசிஸ்டன்ட்டிடம் பேசலாமா?

கூடாது. பெண் பேசலாம்.

தமிழ்நாட்டில் கால்பந்து ஆடிய பெண் இங்கே உதவிப் பயிற்சியாளராக வர முடியுமா?

வழி இருக்கிறது. நம் ஊர் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் காலையில் கபடி, மாலையில் வாலிபால், நடுவில் கால்பந்து என்று எல்லாவற்றையும் பார்ப்பார். இங்கே ஒரே ஆட்டம், அதிலும் ஒரு மூலை. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குப் பழகிய கதவு ‘கிராஜுவேட் அசிஸ்டன்ட்’. முதுகலைக் கட்டணத்தில் முழுவதுமோ ஒரு பகுதியோ தள்ளுபடி, சிறு உதவித்தொகை, பதிலுக்கு அணி வேலை. இரண்டாம், மூன்றாம் டிவிஷன் கல்லூரிகளில் இந்த இடங்கள் அதிகம். படிப்புக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டு மாணவர் விசாவில் வருவதால் விசாச் சிக்கலும் தொடக்கத்தில் குறைவு. அமெரிக்க சாக்கர் கூட்டமைப்பின் பயிற்சியாளர் உரிமங்கள் டி, சி, பி, ஏ, ப்ரோ என்று ஏறிப் போகும். இந்தியாவில் வாங்கிய ஆசியக் கூட்டமைப்பின் உரிமத்தையும் விண்ணப்பத்தில் காட்டலாம். வேலைகள் கைமாறும் இடம் யுனைட்டெட் சாக்கர் கோச்சஸ் என்ற சங்கத்தின் ஜனவரி மாநாடு. நல்ல காலணி அணிந்து போகவும். அங்கேயும் நடைதான்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது அசிஸ்டன்ட்டிடம் என்ன கேட்க வேண்டும்?

சென்ற ஆண்டு ஒரு நிமிடம்கூட ஆடாத பெண்கள் யார், அவர்களுக்கு வெள்ளிக்கிழமை என்ன பயிற்சி என்று கேட்கலாம். பெயர் சொல்லிப் பதில் வருகிறதா என்று கவனியுங்கள். இங்கே எத்தனை ஆண்டாக இருக்கிறீர்கள், இதற்கு முன்னால் இந்த இடத்தில் இருந்தவர் எங்கே போனார் என்றும் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தேர்வும் ஆட்டமும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வீர்கள் என்பது நம் வீடுகளில் எப்படியும் கேட்கப்படும். அதைப் பெண்ணே கேட்கட்டும்.

முடிந்தால் பயிற்சி முடிந்த பிறகு பத்து நிமிடம் மைதானத்திலேயே நில்லுங்கள். தலைமைப் பயிற்சியாளர் கைகுலுக்கிவிட்டுப் போயிருப்பார். இரண்டு மூன்று பெண்கள் மட்டும் கூடுதலாகக் கோல் அடித்துப் பழகிக்கொண்டிருப்பார்கள். எதிரே பந்தைப் பொறுக்கி உருட்டிக்கொண்டிருப்பவர்தான் நீங்கள் பேச வேண்டிய ஆள்.